நிறம் போயிற்று, உப்புப் போயிற்றா?

தென்பெண்ணையாறு தமிழ்நாட்டிற்குள் கால்வைக்கும் இடம் எங்கள் பாகலூர்ப் பக்கம். கருநாடகத்து நந்திமலைப் பகுதியிற் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறத்தை ஒட்டி இறங்கி, கொடியாளத்தருகே எல்லை கடந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிற் சற்றே தேங்கி, பின்னர்க் கிருட்டிணகிரி அணை, சாத்தனூர் அணை எனத் தவழ்ந்து, கடலூர்க்கருகே கடலொடு கலக்கின்றது. இத்துணை நெடிய ஆற்றின் தலைவாயிலில் நிற்கும் எங்கட்கு அவ்வாறு முதன்முதற் கொண்டுவந்து காட்டுவது யாது? நுரை! மழை பெருத்த நாள்களிற் கெலவரப்பள்ளி மதகுகளைத் திறந்துவிட்டால் வெளிவருவது நீரா, வெண்பஞ்சுப் பொதியா என ஐயுறும் நிலை பல்லாண்டாக இருந்து வருகின்றது. அந்நுரை தரைப்பாலத்தின்மேல் ஏறி வழியை மறைத்ததையும், காற்றிற் பறந்து வயலிற் படிந்ததையும் செய்தித்தாள்கள் படம் பிடித்துப் போட்டன. படம் பார்த்தோர் வியந்தனர். வயலுக்கு உரியவர் வியக்கவில்லை.

இதனை எழுதுவோன் அறிவியலாசிரியன் அல்லன், தமிழாசிரியன். இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்போனுக்கு ஆலைக்கழிவைப் பற்றி என்ன பேச்சு எனச் சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். நீர் குடிப்பதற்கு அறிவியற் பட்டம் வேண்டும் என எவரும் சட்டம் செய்யவில்லை. மேலும், இப்பொருளைப் பற்றி எழுத வேண்டி வந்ததும் ஒரு தமிழ்ச் சொல்லை முன்னிட்டே.

அண்மையில் எம் பள்ளியில் அறிவியற் கண்காட்சி ஒன்று நடந்தது. அதற்கு முந்திய கிழமை பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "ஐயா, போட்டோ கேட்டலிசுட்டு என்று ஒரு பொருளைப் பற்றிச் செய்முறை காட்டப் போகின்றேன். அட்டையில் அதன் பெயரைத் தமிழில் எழுத வேண்டும். என்ன எழுதலாம்?" என வினவினாள். வினையை ஊக்குவது வினையூக்கி. ஒளி பட்டவிடத்து வினையை ஊக்குவது ஒளிவினையூக்கி. இதற்கு அகரமுதலியைப் புரட்ட வேண்டியதே இல்லை. சொல்லைக் கொடுத்துவிட்டு, "அது என்ன வினை செய்யும்?" எனக் கேட்டேன். அவள் அதனைச் சொன்ன முறை பல பெரிய பேராசிரியர்க்கும் வாய்க்காத தெளிவுடையது. "பெண்வீட்டாரையும் பிள்ளைவீட்டாரையும் கூட்டிப் பேசி முடித்துவிட்டு, வந்தபடியே திரும்பிப் போகும் பெரியவரைப் போன்றது வினையூக்கி, ஐயா. திருமணம் நடக்கும், அவர்க்கு ஒன்றும் குறையாது. இந்தப் பெரியவர் வெயில் அடித்தால்தான் வீட்டைவிட்டுப் புறப்படுவார்."

செய்முறை இதுவே. உறவினர் ஒருவரின் கைத்தறிச் சாயப்பட்டறையில் நூலை நனைத்தெடுத்தபின் தொட்டியில் எஞ்சிய செந்நிறச் சாயநீரை அவள் கொணர்ந்தாள். அதனைப் பத்து மடங்கு நீர் சேர்த்து மெலிவித்தாள். மூன்று கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றினாள். ஒன்றில் வெள்ளைத் துத்தநாகப் பொடியைக் கலந்து வெயிலில் வைத்தாள். ஒன்றிற் பொடி கலந்து இருட்டறையில் வைத்தாள். மற்றொன்றைப் பொடியின்றி வெயிலில் வைத்தாள். காலையில் வைத்தவை மாலையில் எடுக்கப்பட்டன. இருட்டிலிருந்ததும் பொடியில்லாததும் ஏறத்தாழ வைத்தபடியே சிவந்திருக்க, பொடியும் வெயிலும் சேர்ந்த புட்டி மட்டும் நிறம் வெளுத்து நின்றது. பொடி அடியில் தங்கியபின் மேல்நீர் தெளிந்த கிணற்று நீர்போற் காணப்பட்டது. பிள்ளைகள் கைதட்டினர். யானும் தட்டினேன்.

கண்காட்சியைப் பார்வையிட வந்தோருள் ஆலைத் துறையிற் பெரும்பொறுப்பு வகிக்கும் ஒருவரும் இருந்தார். அப்புட்டியைக் கையிலெடுத்து உயர்த்திப் பார்த்து, "இவ்வளவுதான் செய்தி! இனிக் கோடி கோடியாய்க் கொட்டித் துப்புரவு நிலையம் கட்டச் சொல்வோர்க்கு இதனைக் காட்ட வேண்டும். வெயிலுக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை" எனக் கூறிச் சிரித்தார். உடனிருந்தோரும் சிரித்தனர். எனக்கு மட்டும் அச்சிரிப்பு வரவில்லை. திருப்பூரை நினைத்தேன்.

நொய்யலாற்றின் கதையைத் தமிழ்மக்கள் மறந்திருக்க இயலாது. எனினும் எடுத்துச் சொல்ல வேண்டியதாகின்றது. வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து காவிரியிற் சேரும் அச்சிற்றாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992-இல் திறந்தனர். கட்டியது பாசனத்திற்கு, அதில் வந்து தேங்கியதோ சாயக்கழிவு. அணை நீரைத் திறந்துவிடுங்கள் எனக் கேட்பது உழவர் வழக்கம். ஒரத்துப்பாளையத்திலோ, அணை நீரைத் திறந்துவிடாதீர்கள் என உழவர் கைகூப்பிக் கேட்கும் நிலை வந்தது! உலகில் வேறெங்கேனும் இத்தகைய அணை உண்டா என யான் அறியேன். கிணறுகள் உப்பாயின, தென்னையும் நெல்லும் கருகின. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் வழக்குத் தொடுத்தனர். 2006 திசம்பரிற் சென்னை உயர்நெறிமன்றம் கட்டளையிட்டது. வெளிவிடும் கழிவு நீர்க்கு இலிட்டர் ஒன்றுக்கு 6 காசு எனத் தொடங்கித் திங்கள் செல்லச் செல்ல ஏறும் வகையில் தண்டம் விதித்தது. பட்டறையாளர் தில்லிக்குச் சென்றனர். 2009 அக்தோபர் 6-இல் உச்சநெறிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மூன்று திங்களுள் மாறுக எனத் தீர்ப்பளித்தது. அதன்பின்னும் மாறாமையால், 2011 சனவரி 28-இல் உயர்நெறிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டன; பல்லாயிரவர் வேலையிழந்தனர். அவ்வாண்டே தமிழ்நாட்டரசு 200 கோடி உருபா வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பின்னர்ப் பட்டறைகள் ஒவ்வொன்றாகக் கதவு திறந்தன.

இங்கு வினவ வேண்டியது ஒன்றுண்டு. நொய்யலைக் கொன்றது எது? நிறமா? ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் ஓடியதைக் கண்டோர் நிறமே கொலையாளி என எண்ணுவர். நிறத்திற்கும் அதிற் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆயினும் மண்ணைச் சாகடித்த தலையாய பொருள் உப்பு. பருத்தி நூலில் இக்காலச் சாயங்கள் ஏறுவதற்குச் சாயத்தொட்டியில் உப்புக் கொட்டுகின்றனர். இலிட்டர்க்கு 50 கிராம் என்பது அத்தொழிலில் இயல்பான அளவு. அதனோடு சோடாவும் சேரும். சாயத்தில் ஒரு பகுதி நூலிற் பற்றும். எஞ்சியது கழிவில் இறங்கும். உப்போ நூலிற் பற்றுவதேயில்லை. இட்ட உப்பு அத்தனையும் இட்டபடியே வெளியேறும். 50 கிராம் என்பது 50,000 மில்லிகிராம். நல்ல குடிநீரிற் கரைந்திருக்கும் பொருள்களின் அளவு இலிட்டர்க்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தரமுறை. ஆற்றில் விடும் ஆலைக்கழிவிற்கு விதித்த எல்லை 2,100. அலசிய நீரெல்லாம் சேர்ந்து தொட்டிநீர் மெலிந்தபின்னும் கழிவின் உப்பு அவ்வெல்லையைப் பன்மடங்கு தாண்டியே நிற்கும். இக்கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடலாம்.

கண்காட்சி முடிந்த மறுநாள், வேதியியல் ஆசிரியரை அணுகி, வெளுத்த அப்புட்டி நீரில் ஒரு குவளையளவு பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் காய்ச்சச் சொன்னேன். நீர் முழுதும் ஆவியாய்ப் போயிற்று. கிண்ணத்தின் அடியிலும் சுவரிலும் வெள்ளையாய்ப் பொருக்குப் படர்ந்தது. மாணவி அதனை விரல்நுனியாற் சுரண்டிப் பார்த்தாள். "உப்பு, ஐயா" என்றாள். கைதட்டிய கூட்டம் அப்போது அங்கில்லை. புட்டியை உயர்த்திப் பார்த்துச் சிரித்தவரும் இல்லை.

இதனால் ஒளிவினையூக்கியை யான் பழிப்பதாக எவரும் கருதற்க. அது மெய்யான அறிவியல், அழகிய அறிவியல். சப்பான் நாட்டு அகிரா புசிசிமாவும் கெனிச்சி ஓண்டாவும் தைத்தானிய உயிரகை பூண்ட மின்வாயில் ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிளந்து காட்டிய ஆய்வு 1972-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. (டைட்டானியம் என்பர், தமிழ் மரபிற்குத் தைத்தானியம் என்றலே பொருந்தும்.) 1977-இல் அமெரிக்க நாட்டுப் பிராங்கும் பார்டும் அதே பொடியைக் கொண்டு நீரிலுள்ள சயனைடு எனும் கொடுநஞ்சை ஒளியாற் சிதைக்கலாம் எனக் காட்டினர். அன்று தொடங்கி உலகெங்கும் ஆய்வு நடக்கின்றது. தமிழ்நாடும் பின்தங்கவில்லை. அண்ணா பல்கலைக்கழக வேதியியல் துறையினர் துணிச்சாயங்களைக் கதிரவன் ஒளியிற் சிதைத்த ஆய்வுகளை 2002-லும் 2003-லும் வெளியிட்டனர். தைத்தானியப் பொடியையும் துத்தநாகப் பொடியையும் ஒப்பிட்டும் பார்த்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் அதே காலத்தில் அவ்வழியில் ஆய்ந்தனர். இவை பன்னாட்டு இதழ்களில் வந்தவை. பிறர் எடுத்துக் காட்டுபவை.

பொடியினுள் நடப்பது என்ன எனின், அதுவும் கடினமன்று. பொடிமணியின் மேல் தக்க ஆற்றலுடைய ஒளி விழுந்தால் அதனுள் அடங்கிக் கிடந்த எதிர்மின்னி ஒன்று மேலெழும்; அது விட்ட இடம் வெறுமையாகும். எழுந்த எதிர்மின்னி நீரிற் கரைந்துள்ள உயிரகத்தைப் பற்றும். வெறுமையான இடம் நீரிடமிருந்து பறிக்கும். இவ்விரண்டாலும் ஐதராக்சில் எனும் வெறிகொண்ட துணுக்குகள் பிறக்கின்றன. அவை நொடிக்குள் மாய்வன. மாயுமுன் எதிர்ப்பட்ட சாய மூலக்கூற்றைக் கடித்துக் குதறுவன. போதிய நேரம் இருந்தால் சாயம் கரியீருயிரகையும் நீரும் சில உப்புகளுமாய் முடியும்.

"போதிய நேரம் இருந்தால்" எனும் தொடரிலேதான் சிக்கல் ஒளிந்துள்ளது. சாயங்களிற் பெரும்பான்மை அசோ வகையைச் சேர்ந்தவை. அவற்றிற்கு நிறம் தருவது இரு காலகங்கள் கைகோத்த ஒரு பிணைப்பு. துணுக்குகளின் தாக்குதலில் முதலில் அறுவது பெரும்பாலும் அப்பிணைப்பே. அது அறுந்தவுடன் நிறம் மறையும். ஆனால் மூலக்கூற்றின் எஞ்சிய துண்டுகள் நீரிலேயே கிடக்கும். அவற்றுட் சில, தாய்ச்சாயத்தினும் தீயனவாகவும் கூடும். அசோ சாயங்கள் சிதைந்து பிறக்கும் அமீன்களுட் சில புற்றுநோய் விளைப்பன. இதனாலேயே இந்திய நடுவணரசு 1997-இல் 70 அசோ சாயங்களைக் கையாளத் தடைவிதித்தது. ஆகவே, நிறம் போனது என்பதும் நஞ்சு போனது என்பதும் ஒன்றல்ல. நிறம் போக ஒரு பகல் போதுமெனில், துண்டுகளும் முற்றச் சிதைய மேலும் நெடும்பொழுது வேண்டும். அளக்க வேண்டியது, கரிமம் எவ்வளவு எஞ்சியது என்பதை. கண்ணுக்கு எப்படித் தோன்றுகின்றது என்பதையன்று.

இனி வெயிற்கணக்கு. வெயில் இலவயம் என்றார் அப்பெரியவர். வெயில் முழுதும் இப்பொடிக்குப் பயன்படுமா? படாது. தைத்தானியப் பொடி ஏற்பது புறவூதாக் கதிரை மட்டுமே. நிலத்தை அடையும் கதிரவன் ஒளியில் அஃது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு. எஞ்சிய தொண்ணூற்றைந்தும் அதன்மேல் விழுந்து வீணே கழியும். காணொளியையும் ஏற்குமாறு அப்பொடியைத் திருத்தப் பலர் முயன்று வருகின்றனர். ஆய்வுக்கூடத்தில் வெற்றியும் பெற்றுள்ளனர். ஆலையளவில் அது நிலைபெறவில்லை. சரி, இருக்கும் ஒளியே போதும் எனக் கொள்வோம். ஒளி ஆழப் புகாதாகலின் நீரை மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். ஐந்து செண்டிமீட்டர் ஆழத்தில் தட்டுகளிற் பரப்பினால் ஒரு சதுர மீட்டரில் 50 இலிட்டர் நிற்கும். நாளொன்றுக்கு ஒருமுறை மாற்றுவதாயின், 10 இலக்கம் இலிட்டர்க் கழிவிற்கு 20,000 சதுர மீட்டர் வேண்டும். ஏறத்தாழ ஐந்து ஏக்கர். அதுவும் முகிலில்லாத நாளில். சாயம் முன்பே மெலிந்திருந்தால். பொதுத் துப்புரவு நிலையமொன்று 10 இலக்கத்தினும் பன்மடங்கு நீரைக் கையாள்வது. வெயில் இலவயந்தான், நிலம் இலவயமா? புறவூதா விளக்கேற்றலாம் எனின், மின்கட்டணம் வரும்.

பொடியையும் மீட்க வேண்டும். மீநுண் துகள் எளிதில் அடியில் தங்காது, வடிகட்டியையும் அடைக்கும். மணலிலோ கண்ணாடியிலோ ஓட்டிலோ ஒட்டிவைக்கலாம். ஒட்டினால் நீர்படும் பரப்புக் குறைந்து வேகமும் குறையும். தப்பிய பொடி ஆற்றிற் போனால் என்ன என்பாரும் உளர். சுவர்ச்சுண்ணத்திலும் பற்பசையிலும் இருக்கும் அதே வெண்பொடிதானே என்பர். அந்த எண்ணத்தால் அதனைத் தின்பண்டத்திலும் கலந்தனர்; ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் உணவிற் கலப்பதைத் தடைசெய்துவிட்டது. அவ்வெண்பொடிக்கு மூலமோ நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கருமணல். அம்மணலை அள்ளுவதாற் கடற்கரை மக்கள் படும் பாட்டைத் தனியே எழுத வேண்டும்; ஈண்டு அதற்கு இடமில்லை. ஒரு வினையூக்கிக்கும் ஊர் உண்டு என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

எல்லாவற்றினும் கொடிய நகைமுரண் ஒன்றுளது. சாயக்கழிவில் மிகுந்துள்ள உப்பும் சோடாவும் அவ்வெறிகொண்ட துணுக்குகளைத் தாமே விழுங்கிவிடுகின்றன. சாயத்தைக் கடிக்க வந்த நாய் உப்பைக் கடித்துப் பல்லிழக்கின்றது என்க. எனவே வடிநீரில் விரைந்து வேலை செய்யும் ஒளிவினையூக்கி, மெய்யான பட்டறைக் கழிவில் தளர்ந்துபோகும். எம் மாணவி பத்து மடங்கு நீர் சேர்த்து மெலிவித்தது இதனால்தான். மெலிவிக்காத சாயநீரையும் அவள் ஒருநாள் வெயிலில் வைத்துப் பார்த்தாள். அது மாலைவரை சிவந்தே இருந்தது. அதனை அவள் கண்காட்சியில் வைக்கவில்லை. வைக்குமாறு யான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லத் தவறினேன்.

அவ்வாறாயின் இதற்குப் பயனே இல்லையா? உண்டு. திருப்பூரில் இன்று நடக்கும் முறை இது: நுண்ணுயிரிகளாற் கழிவைத் தின்னச் செய்து, பின்னர் எதிர்ச்சவ்வூடு பரவலால் நன்னீரைப் பிழிந்தெடுத்து, எஞ்சிய கெட்டி உப்புநீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கின்றனர். நீரும் மீண்டும் பட்டறைக்குப் போகும். தூய உப்பும் போகும். செலவு மிகுந்த முறை. மின்னாற்றலைக் குடிக்கும் முறை. தூய்மையற்ற கலப்பு உப்பு கொட்டகைகளிற் குவிந்து கிடப்பதும் உண்மை. ஆயினும் உப்பை ஆற்றிலிருந்து தடுத்தது அம்முறையே. அதன் நடுவே, சவ்வை அடைக்கும் பிடிவாதமான கரிமப் பொருள்களைச் சிதைக்கவும், நுண்ணுயிரி தின்ன மறுக்கும் எச்சத்தை முடிக்கவும் ஒளிவினையூக்கிக்கு ஓரிடம் தரலாம். நாளைக்குச் சில நூறு இலிட்டர் மட்டும் கழிக்கும் கைத்தறிச் சாயத்தொழிலாளர்க்கு, நிழலற்ற முற்றம் ஒன்றும் சில தட்டுகளும் போதும். ஆனால் அவர்க்கும் உப்பை மீட்கும் வழியைச் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். மருந்தாலைக் கழிவில் எஞ்சும் மருந்துத் துகள்களைச் சிதைக்கவும் இது பயன்படும்; ஆலைகள் நெருங்கிய ஓசூர்ப் பகுதி அதனை எண்ணிப் பார்க்கலாம். கடைசிப் பந்தியில் உட்கார வேண்டியவரைத் தலைப்பந்தியில் உட்காரவைத்து, மற்றவர்க்கு இலை இல்லை என்பதே யான் எதிர்ப்பது.

உழவனுக்கு இதில் இன்னும் ஓர் இழப்புண்டு. எதிர்க்க முடியாத எளியவன் கையில் இருந்த ஒரே சான்று நிறம். கருவி இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, வழக்கறிஞர்க்குக் கொடுக்கக் காசில்லை. ஆறு சிவந்து ஓடிற்று, கண்டேன் எனச் சொல்ல அவனுக்குக் கண் மட்டும் இருந்தது. திருப்பூர் வழக்கிற்கும் உலகத்தார் செவிசாய்த்தது அந்நிறத்தைக் கண்டே. நிறத்தை மட்டும் நீக்கி, உப்பையும் உடைந்த துண்டுகளையும் தெளிந்த நீரில் மறைத்து அனுப்பினால், தெளிவான நீர் பாய்ந்தும் பயிர் ஏன் கருகிற்று என அவன் தன் விதையையும் தன் தலையெழுத்தையும் நொந்துகொள்வான். கொலை செய்தவன் உடலை மறைப்பது போன்றது அது. அறிவியலாளர் எவரும் அந்நோக்கத்தோடு ஆயவில்லை என்பதை யான் அறிவேன். எனினும், அவர்தம் ஆய்வைக் கண்காட்சியிற் புட்டி உயர்த்திச் சிரிப்பவர் எடுத்தாளும் முறை வேறு.

கெலவரப்பள்ளி நுரைக்கு வருவோம். இங்கும் சிலர் ஒளிவினையூக்கியைத் தூவினால் ஆறு தெளியும் என்கின்றனர். இந்நுரை சாயத்தின் நுரையன்று. பெங்களூரின் வீட்டுக்கழிவும் அதிற் கலந்த சலவைப் பொருள்களும் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே தென்பெண்ணையில் இறங்குவதே இதன் தலையாய கரணியம். ஆலைக்கழிவும் ஆங்காங்குச் சேரும். பெள்ளந்தூர் ஏரி நுரை கக்கியதோடு நில்லாமல் 2015-லும் 2017-லும் 2018-லும் தீப்பற்றி எரிந்ததை நாடறியும். ஏரி எரியும் நாட்டில் எவ்வினையூக்கி என்ன செய்யும்? கலங்கிய நீரில் ஒளி புகாது. புகுந்தாலும் பிறக்கும் துணுக்குகளைச் சாக்கடைச் சேறே தின்று தீர்க்கும். ஓடும் ஆற்றைத் தட்டிற் பரப்பவும் இயலாது. கழிவு பிறக்கும் இடத்திலேயே அதனைப் பிடிக்க வேண்டும், இதற்கு மாற்றில்லை. தமிழ்நாட்டரசு 2015-இல், காவிரியிலும் தென்பெண்ணையிலும் துப்புரவு செய்யாத கழிவை விடலாகாது எனக் கருநாடகத்திற்கு எதிராக உச்சநெறிமன்றம் சென்றது. இதனைக் கன்னடர்க்கும் தமிழர்க்கும் உள்ள பகையெனக் காட்டுவோர் உளர். அது தவறு. பெங்களூர்க் கழிவை ஓரளவு துப்புரவு செய்து கோலார் மாவட்டத்து ஏரிகளில் நிரப்பும் திட்டம் 2018-இல் தொடங்கியது. அவ்வாண்டே அங்கும் ஏரியில் நுரை எழுந்தது. இரண்டாம் நிலைத் துப்புரவு போதாது, மூன்றாம் நிலையும் வேண்டும் எனக் கோலார் உழவர் இன்றும் கேட்டு வருகின்றனர். அவர் கேட்பதும் நாம் கேட்பதும் ஒன்றே. ஆற்றின் மேலுள்ளவர் கழிக்கின்றார், கீழுள்ளவர் குடிக்கின்றார். ஓசூர் ஆலைகள் அவ்வாற்றில் எதையேனும் விட்டால், கிருட்டிணகிரி உழவனுக்கு நாமே மேலுள்ளவராகின்றோம் என்பதையும் மறத்தல் கூடாது.

மற்றொன்று. நம் பல்கலைக்கழகங்கள் இருபதாண்டுக்கு மேலாகச் சாயநீரை ஒளியால் தெளிவித்து வருகின்றன. எத்தனை பேர் அதனால் முனைவர் பட்டம் பெற்றனர் என எண்ணி மாளாது. அவ்வாய்வுகள் அனைத்தும் ஆங்கிலத்தில், விலைகொடுத்துப் படிக்கும் இதழ்களில் உறங்குகின்றன. நொய்யற்கரை உழவன் கையிலோ, சாயப்பட்டறைத் தொழிலாளி கையிலோ தமிழில் எட்டுப் பக்கச் சிறுநூல் ஒன்று சேர்ந்ததாக யான் கண்டதில்லை. எச்சாயம் எவ்வளவு நேரத்தில் நிறம் நீங்கும், எவ்வளவு நேரத்தில் முற்றச் சிதையும், உப்பு என்னாகும், மெய்யான பட்டறைக் கழிவில் வேகம் எவ்வளவு குறையும் என நான்கு வினாக்கட்கு விடையெழுதினாற் போதும். சொல் இல்லை என்னும் பழைய சாக்கு இனிச் செல்லாது. பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு ஒரு நிமையத்திற் கிடைத்த சொல் பேராசிரியர்க்குக் கிடைக்காதா?

ஆலையார் எவரேனும் ஒளியால் தூய்மை செய்கின்றோம் என அரசிடம் இசைவு கேட்டு வந்தால், அவரை நிறம் காட்டச் சொல்லாதீர்கள். காய்ச்சிய கிண்ணத்தைக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சிய கரிமத்தின் அளவையும், கரைந்த உப்பின் அளவையும், அந்நீரில் மீன்குஞ்சு பிழைக்கின்றதா என்பதையும் காட்டச் சொல்லுங்கள். வடிநீரிற் சாயம் கரைத்த பொய்க்கழிவை ஏற்காதீர்கள். பட்டறைத் தொட்டியிலிருந்து நேரே முகந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கொடியாளத்திலும் கெலவரப்பள்ளியிலும் ஆற்றுநீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் முகந்து சென்று அளக்கின்றனர். அளந்த எண்கள் அலுவலகத்திற்குப் போகின்றன. அவற்றை அணைக்கரையில் ஒரு பலகையில், அவ்வந்நாள் முறையே, தமிழிலும் அப்பகுதி மக்கள் பேசும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? ஒரு பலகை, ஒரு கட்டிச் சுண்ணம், எழுத ஓர் ஆள். எழுத ஆள் இல்லையெனில் எம் பள்ளியிலிருந்து அனுப்புகின்றேன். கையெழுத்து அழகுடைய பிள்ளைகள் பலர் உளர். எண்ணின் பொருள் அறிந்த மாணவி ஒருத்தியும் இருக்கின்றாள்.